யாழ்ப்பாணத்துத் துவிச்சக்கரவண்டி: ஓட்டப் போட்டியும் கூட்டுப் பயணமும்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் பெயர்ப் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. துவிச்சக்கரவண்டியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. முதலில் வந்தவர் யார் என்பதே அங்கு வினா. வண்டி யாரிடம் இருந்தது, எதன்பொருட்டு ஓட்டப்பட்டது என்பன கேட்கப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இப்பின்னைய வினாக்களே முதன்மையானவை என்பது எமது கருத்து.

1885இல் இங்கிலாந்தில் ஸ்ராலி உருவாக்கிய 'றோவர்' வண்டியும், 1888இல் டன்லொப் ஆக்கிய காற்றடைத்த ரயரும் வசதிபடைத்த இளைஞரின் பொழுதுபோக்காயிருந்த ஒன்றைத் தொழிலாளரின் கைக்கு எட்டச்செய்தன. இதன் பின்னர் இரு மரபுகள் வளர்ந்தன. 1903இல் 'லோட்டோ' என்னும் பத்திரிகை தனது விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் பிரான்ஸைச் சுற்றும் போட்டியைத் தொடங்கியது. ஓட்டுநரின் உடலுழைப்பு ஈண்டு விற்பனைச் சரக்காயிற்று. மறுபுறம், 1894இல் பேர்மிங்ஹாமில் தோன்றிய 'கிளாரியன்' கழகத்தினர் கூட்டமாகச் சென்று சோஷலிசப் பிரசுரங்களை விநியோகித்தனர். முன்னையது தனிமனித வெற்றியையும் பின்னையது கூட்டுணர்வையும் அடிப்படையாகக் கொண்டவை.

எமது குடாநாட்டிற்குத் துவிச்சக்கரவண்டி குடியேற்றவாத இறக்குமதிப் பொருளாகவே வந்தது. றலி, ஹம்பர் என்பன இன்றும் முதியோர் நாவில் வழங்கும் பெயர்கள். 1905இல் காங்கேசன்துறை கொழும்புடன் புகையிரதப் பாதையால் இணைக்கப்பட்டது. எனினும் தோட்டத்திற்கும் சந்தைக்கும் இடைப்பட்ட தூரத்தைப் புகையிரதம் குறைக்கவில்லை. மலையும் ஆறுமற்ற சமதரையில் அத்தேவையை நிறைவேற்றியது துவிச்சக்கரவண்டியே. சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு மரக்கறி மூட்டைகளும், கரையோரத்திலிருந்து மீன்பெட்டிகளும் கரியரில் ஏறின. 1945இன் இலவசக் கல்விக்குப் பின் மாணவரும் இவ்வணியிற் சேர்ந்தனர். தமிழ்க் காங்கிரஸ் சைக்கிளைத் தேர்தற் சின்னமாகக் கொண்டமை, அது மக்கள் வாழ்வில் எத்துணை இயல்பானதாயிற்று என்பதைக் காட்டும்.

கிராமத்து விளையாட்டுக் கழகங்கள் நடத்திய வீதியோட்டப் போட்டிகளையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். தனி ஓட்டவண்டி வாங்க வசதியற்ற இளைஞர், வாரம் முழுதும் பாரம் சுமந்த வண்டியிலேயே போட்டிக்கும் வந்தனர். உழைப்புக் கருவியும் விளையாட்டுக் கருவியும் ஒன்றாகவே இருந்தன.

ஆயினும் கருவி தானாகவே விடுதலை தருவதில்லை. துவிச்சக்கரவண்டி கூலியுழைப்பாளரை அயலூர் வேலைக்கு இட்டுச்சென்று நிலவுடைமையாளரிடமிருந்து ஓரளவு விலக்கியிருக்கலாம். நிலவுடைமையையோ சாதியத்தையோ அது தகர்க்கவில்லை. அதற்கு 1966 ஒக்டோபர் எழுச்சியும் 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன.

1990இல் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் நின்றது. நோயாளியை வைத்தியசாலைக்கும், விறகைச் சந்தைக்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கொண்டுசென்றது துவிச்சக்கரவண்டியே. அதனை நிறுத்திவைத்து உழக்கி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். ஒருவர் உழக்க அயலவர் பலர் கேட்டனர். பெண்கள் தனித்தும் கூட்டமாகவும் வீதியில் வண்டியோட்டுவது அன்றாடக் காட்சியாயிற்று. 1991 அளவில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைத் துவிச்சக்கரவண்டி ஓட்டத் தூண்டியது. அங்கு இயக்கம் செய்ததை இங்கு நெருக்கடியும் சேர்ந்து செய்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். நாவற்குழிப் பாதையில் துவிச்சக்கரவண்டிகள் எண்ணிலடங்காதிருந்தன. நெரிசலில் அவற்றை ஓட்ட இயலவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் அரிசிப் பையையும் ஏற்றி உருட்டியே சென்றனர். குடாநாடு கண்ட மிகப்பெரிய கூட்டுப் பயணம் இதுவே. இதில் முதலிடம், கடையிடம் என எதுவும் இருக்கவில்லை.

2022இன் எரிபொருள் நெருக்கடியில் இலங்கை முழுவதும் மீண்டும் துவிச்சக்கரவண்டியை நாடியபோது, யாழ்ப்பாணத்தவருக்கு அது புதிய அனுபவமாயிருக்கவில்லை. ஆனால் அவ்வனுபவம் முறையாகப் பதிவுசெய்யப்படவேண்டிய ஒன்று. அன்று உழக்கியவர்கள் முதுமையெய்தி வருகின்றனர். வண்டி திருத்துவோர், மீன் வியாபாரிகள், அன்றைய மாணவிகள் ஆகியோரின் வாய்மொழிகளைத் தொகுப்பது ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். அவர்களின்றி எழுதப்படும் வரலாறு கிண்ணங்களின் கணக்காக இருக்குமேயன்றி மக்களின் வரலாறாகாது.