பாயருகே இருப்பவள்

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டங்களின் சரித்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு இடமுண்டு. தீராத நோயாளியின் பாயருகே கண்விழித்த மனைவிக்கும் மகளுக்கும் அதில் இடமில்லை. பால்வெட்டுக்குத் திரும்பக்கூடியவனைக் குணப்படுத்தவே தோட்ட ஆஸ்பத்திரி ஏற்பட்டது. திரும்ப இயலாதவனின் பாரம் லயத்துப் பெண்ணின் தலையில் விழுந்தது.

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், சாகுந் தறுவாயிலுள்ளவர்க்கு உடல்வலியோடு மனவேதனையும் உண்டென உணர்த்தினார். குடும்பத்தாரையும் பராமரிப்புக்கு உரியவராக்கினார். 1991இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது. அதன் தாதியர் நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய இயக்கம், அயலாரையே பயிற்றித் தொண்டராக்கியது.

நாமோ பணிவிடை செய்பவளின் அயர்வைத் தலைவிதி என்கிறோம். அவள் சலித்துக்கொண்டால் கடமை தவறியவள் என்று தூற்றுகிறோம். சாவு வீட்டில் பந்தல் போட ஊரே திரளுகிறது. சாவுக்கு முந்திய மாதங்களில் ஓரிரவேனும் அவள் உறங்கட்டுமென்று காவலிருக்க எவரும் வருவதில்லை. இது விதியன்று, நமது வழக்கம், வழக்கத்தை மாற்றலாம். கோயில் திருவிழாவுக்கு முறைவைக்கும் நாம், நோயாளியின் வீட்டுக்கும் முறைவைப்போம். அறிவுரை கூறாமல், அவள் மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்போம். அதுவும் மருந்தே.