கோழிமுட்டையில் தொடங்கிய கண் மருந்து

கண்ணில் தூசு விழுந்தால் உறுத்துகிறது, இமை மூடுகிறது, கண்ணீர் பெருகுகிறது. தொல்லை என்று நாம் எண்ணும் அந்த உறுத்தல்தான் கண்ணுக்குக் காவல். கருவிழியின் மேல் கண்ணாடிபோல் படர்ந்திருக்கும் படலத்தில் நுண்ணிய நரம்புகள் நிறைந்திருக்கின்றன. அக்கி நோயாலோ நீரிழிவாலோ அவை பழுதுபட்டால், உணர்ச்சி குன்றும், கண்ணீர் குறையும், படலம் புண்ணாகும். வலி தெரியாததால் நோயாளி வாளாவிருப்பார். பார்வையே போய்விடவும் கூடும்.

இந்நோய்க்கு மருந்து பிறந்த வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. துரின் நகரில் 1909-இல் பிறந்தவர் ரீட்டா லெவி மொந்தால்சினி. பெண்ணுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு எதற்கு என்று தந்தையார் முதலில் தடுத்தார், பிறகு இசைந்தார். ரீட்டா மருத்துவரானார். ஆனால் 1938-இல் வந்த இனச்சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலக்கியது. வேலை இழந்த ரீட்டா, தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். கோழிமுட்டைக் கருவில் நரம்புகள் வளரும் விதத்தை ஆராய்ந்தார். போர்க் குண்டுகளுக்கு அஞ்சி நாட்டுப்புறம் சென்றபோதும் அவ்வேலையை விடவில்லை.

1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். நரம்புகளை வளரச் செய்யும் பொருள் ஒன்று உண்டென 1950களில் கண்டறிந்தார். அது ஒரு புரதம் என்று காட்டியவர், உடனுழைத்த ஸ்டான்லி கோஹன். 1986-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

1998-இல் இத்தாலிய மருத்துவர்கள், சுண்டெலியிலிருந்து எடுத்த அப்புரதத்தை 12 நோயாளிகளின் 14 கண்களில் சொட்டுமருந்தாக இட்ட செய்தியை வெளியிட்டனர். அத்தனை புண்களும் ஆறியிருந்தன. பின்னர் மனிதப் புரதத்தையே நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்தார்கள். செனெகெர்மின் என்னும் அம்மருந்தை 2017-இல் ஐரோப்பாவும் 2018-இல் அமெரிக்காவும் ஏற்றன. நாளொன்றுக்கு 6 முறை, 8 வாரம் இடவேண்டும். ரீட்டா அம்மையார் அதைக் காணவில்லை. 2012-இல், 103-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

இது விலை மிகுந்த மருந்து. எல்லாக் கண் வறட்சிக்கும் உரியதன்று. ஆனால் நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ, வலியில்லையே என்று இருந்துவிடலாகாது. இலைச்சாறோ தாய்ப்பாலோ விட்டுப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். நம் வீட்டுப் பெண்பிள்ளை மேலே படிக்க விரும்பினால், அந்தத் தந்தையாரைப் போல நாமும் இசைவோம்.