முழுசாக ஒடித்துக் கேளுங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகும் வழக்கம், நான் ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த எழுபதுகளிலேயே இருந்தது. என் முதலாளி போனட்டைத் திறக்கும் முன் தரையில் குந்தி, முன்சக்கரத்தின் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். இன்ஜின் சத்தத்தை ஆயில் மாற்றி மறைத்துவிடலாம், முன் அச்சின் சத்தத்தை மறைப்பது கஷ்டம் என்பது அவர் கணக்கு.

அன்று பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றுமே பின்சக்கரம் தள்ளும் வண்டிகள். முன் அச்சுக்குச் சுமப்பதும் திரும்புவதும்தான் வேலை. அதனால் முன்னாலிருந்து வரும் சத்தம் பெரும்பாலும் கிரீஸ் காணாத சத்தம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடரில், கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டி, கறுத்த பழசு வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடித்தால் பாதி முனகல் அடங்கிவிடும்.

ஹெரால்டு அப்படியல்ல. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்த நம்ம ஊர் வண்டி அது. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்ற துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரம் திரும்புவது அந்த மரையில்தான். அதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் வேண்டும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும், கடைசியில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அம்பாசிடருக்கு அடித்த கையோடு ஹெரால்டுக்கும் கிரீஸ் அடித்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் ஹெரால்டு என்றால் முதலாளி விலையைக் கேட்குமுன், “இதுக்கு யார் சார் சர்வீஸ் பண்ணது?” என்றுதான் கேட்பார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எங்கள் காது ஒரேயடியாகப் பழசாகிப் போனது. 796 சிசி இன்ஜினைக் குறுக்கே போட்டு, முன்சக்கரத்தையே இழுக்க வைத்திருந்தார்கள். இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும் என்றால் நடுவில் சி.வி. ஜாயிண்ட் தேவை. ஃபோர்டில் இருந்த ஆல்ஃபிரட் ரெசப்பா என்ற பொறியாளர் 1920களில் உருவாக்கிய வடிவம் அது. ஆறு உருண்டைகள் பள்ளங்களில் ஓடும். அதற்குள் கிரீஸ் நிறைத்து ரப்பர் பூட் மாட்டியிருப்பார்கள். பூட் கிழிந்தால் கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறிக்கும், புழுதி உள்ளே போகும், உருண்டை ஓடும் பள்ளம் தேயும். அப்புறம் ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் டக், டக், டக். நேராக ஓட்டினால் பெரும்பாலும் சத்தமே கேட்காது. இதை எங்களுக்கு முன்பே புரோக்கர்கள் புரிந்துகொண்டார்கள்! வாங்க வருகிறவரைக் கடற்கரைச் சாலையில் நேராக ஓட்டிக் கூட்டிப்போய், நேராகவே கூட்டி வந்துவிடுவார்கள். நாங்கள் பதிலுக்கு வண்டியை மைதானத்தில் இறக்கி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் இரண்டு பக்கமும் வட்டமடிக்கக் கற்றோம்.

வீல் பேரிங் இன்னொரு தினுசு. வேகம் ஏற ஏற ஙொய்ங் என்று ஏறும். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால், பாரம் விழுகிற இடது பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைக் காயில் ஸ்பிரிங்கில் வைத்தால் தேய்மானம் விரலில் நறநறக்கும்.

ஆனால் டயரும் இதே ராகம் பாடும். ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கிய பழைய மாருதிக்கு, எங்களிடம் வருமுன்பே இரண்டு பக்கமும் பேரிங் மாற்றியிருந்தார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். ஒரு திசையில் வழுக்கியது, எதிர்த் திசையில் ரம்பம் போல் இடறியது. அலைன்மென்ட் கெட்ட வண்டி. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் சத்தமும் பின்சீட்டுக்குப் போய்விட்டது. அவர் பேரிங்குக்குக் கொடுத்த காசு வீண்.

இப்போது சத்தம் என்று சொன்னவுடன் லோயர் ஆர்ம், லிங்க் ராட், பேரிங், டிரைவ் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றி மாட்டுகிறார்கள். எதில் சத்தம் நின்றது என்று மாட்டியவருக்கே தெரியாது. இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. சந்தேகப்பட்ட சாமானைக் கழற்றுமுன் அதைச் சத்தம் போட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கும்போதும் அப்படியே. டார்ச் அடித்து ரப்பர் பூட்டைப் பாருங்கள், முழுசாக ஒடித்து இரண்டு பக்கமும் வட்டமடியுங்கள். அதற்குச் சம்மதிக்காத புரோக்கரிடம் வண்டி வாங்காதீர்கள்.