மேடையில் நிற்பவர் யார்? பெங்களூரு உரை முதல் இளம் அறிவியலாளர் விருது வரை

1928 மார்ச் 16 அன்று பெங்களூரில், தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் சி. வி. இராமன் 'ஒரு புதிய கதிர்வீச்சு' என்னும் தலைப்பில் உரை நிகழ்த்தினார். இராமன் விளைவு எனப் பின்னர் பெயர்பெற்ற கண்டுபிடிப்பின் முதல் விரிவான அறிக்கை அது. அப்போது இராமனுக்கு வயது 39. அவருடன் ஆய்வு மேற்கொண்ட கே. எஸ். கிருஷ்ணனுக்கு வயது 29. உரையின் முடிவில் கிருஷ்ணனின் ஒத்துழைப்புக்கு இராமன் நன்றி தெரிவித்தார். ஆயினும் உரை அச்சேறியது இராமனின் பெயரில் மட்டுமே. அதே மாத இறுதியில் 'நேச்சர்' இதழில் வெளியான குறிப்பில்தான் இருவரின் பெயரும் இணைந்து இடம்பெற்றன.

ஆய்வில் பங்கு கொண்ட இளையவர் எப்போது, எந்த மேடையில், தம் குரலிலேயே பேசுகிறார்? இந்திய அறிவியல் மாநாட்டின் வரலாற்றை இந்தக் கேள்வியுடன் வாசிப்பது பயனுடையது.

அம்மாநாட்டுக்கு வித்திட்டவர்கள் இரு வேதியியலாளர்கள்: சென்னை மாநிலக் கல்லூரியின் ஜே. எல். சைமன்சன், லக்னோ கேனிங் கல்லூரியின் பி. எஸ். மக்மகோன். 1914 சனவரியில், அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் கல்கத்தா ஆசியக் கழகத்தில் கூடிய முதல் அமர்வில் 105 அறிவியலாளர்கள் கலந்துகொண்டனர். 35 கட்டுரைகள் ஆறு பிரிவுகளில் வாசிக்கப்பட்டன. மூன்றே ஆண்டுகளில் மாநாடு பெங்களூருக்கு வந்தது. 1917ஆம் ஆண்டு அமர்வுக்குத் தலைமை ஏற்ற ஆல்பிரட் கிப்ஸ் போர்ன், இந்திய அறிவியல் கழகத்தின் அந்நாளைய இயக்குநர். 1924, 1932, 1946, 1951 எனப் பெங்களூரு மீண்டும் மீண்டும் மாநாட்டை வரவேற்றது. 1951இல் தலைவர் ஹோமி பாபா. மாநாட்டின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய தலைவர்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது.

அந்தப் போக்கில் ஒரு திருப்பம் 1981இல் நேர்ந்தது. அவ்வாண்டு நடைபெற்ற 68ஆம் அமர்வில் இளம் அறிவியலாளருக்கென ஒரு தனி நிகழ்ச்சி அறிமுகமானது. இளம் ஆய்வாளர்களைப் பாராட்டும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. இந்திய தேசிய அறிவியல் கழகம் 1974 முதல் இளையோருக்குப் பதக்கம் வழங்கி வந்தது. பெங்களூரில் இராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியும் 1983இல் இளையோருக்கான இணை உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இவ்விரண்டிலும் மூத்தோர் பரிந்துரைக்க, மூத்தோரே தேர்ந்தெடுக்கின்றனர். அறிவியல் மாநாட்டின் விருதோ வேறு வகைப்பட்டது. ஆய்வாளர் தாமே விண்ணப்பித்து, முழுக் கட்டுரையை அனுப்பி, தேர்வுபெற்றால் மாநாட்டு மேடையில் நடுவர் முன்னிலையில் அதை எடுத்துரைக்க வேண்டும். சிறு நகரக் கல்லூரியிலிருந்து வரும் ஒருவர், தம் துறையின் முன்னணியினர் அமர்ந்திருக்கும் அவையில் கேள்விகளை எதிர்கொள்ளும் வாய்ப்பு அது.

அவ்விருதின் விதிகள் கூர்ந்து கவனிக்கத்தக்கவை. வயது வரம்பு 32. கட்டுரை வேறெங்கும் வெளியாகியிருக்கவோ வாசிக்கப்பட்டிருக்கவோ கூடாது. ஆய்வு இந்தியாவிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும். யாவற்றிலும் முக்கியமாக, கட்டுரைக்கு ஒரே ஆசிரியர்தான் இருக்க வேண்டும்.

இறுதி விதியின் பயன் வெளிப்படை. வழிகாட்டியின் பெயர் நிழலாக விழாமல், இளையவரின் பங்களிப்பை மட்டும் எடைபோட அது உதவும். ஆயின் ஆய்வகத்தில் நிகழும் பணி பெரும்பாலும் கூட்டுப்பணி. வழிகாட்டியின் யோசனை, உடன் பயில்வோரின் உழைப்பு, கருவியை இயக்குபவரின் கைத்திறன் ஆகிய அனைத்தும் ஒரு முடிவுக்குள் கலந்திருக்கின்றன. அங்கே ஒற்றைப் பெயரைக் கோருவது ஒருவரை வெளிச்சத்துக்குக் கொணர்வதோடு, பலரை இருளுக்குள்ளும் தள்ளுகிறது.

1928ஆம் ஆண்டு ஆவணங்களை இவ்விதிகளின் முன் நிறுத்திப் பார்த்தால் இது மேலும் விளங்கும். பெங்களூரு உரை ஒற்றைப் பெயருடையது. ஆனால் உரையாற்றியவர் வயது வரம்பைக் கடந்தவர். நேச்சர் குறிப்பில் வயது வரம்புக்குட்பட்ட கிருஷ்ணன் இருக்கிறார். ஆனால் அதில் இரு பெயர்கள். இந்திய இயற்பியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு, எந்த வடிவிலும் இளம் அறிவியலாளர் விருதுக்குத் தகுதி பெற்றிராது. கிருஷ்ணன் பின்னர் 1949இல் அலகாபாத் அமர்வுக்குத் தலைவராகவே மாநாட்டு மேடை ஏறினார் என்பது வரலாறு அளித்த ஆறுதல். அத்தகைய ஆறுதல் எல்லா ஆய்வு மாணவர்க்கும் வாய்ப்பதில்லை.

2020 சனவரியில் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் 107ஆம் அமர்வு கூடியது. அதன் பிறகு மாநாட்டின் தொடர்ச்சி குலைந்தது. பெருந்தொற்றால் ஏற்பட்ட இடைவெளிக்குப் பின் 2023இல் நாகபுரியில் கூடிய மாநாடு, அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதி ஆதரவை விலக்கிக்கொண்ட நிலையில், 2024 சனவரியில் கூடவில்லை. இதற்கிடையே 2022இல் மத்திய அரசு அறிவியல் விருதுகளை மறுஆய்வு செய்து பலவற்றை நிறுத்த முடிவெடுத்தது. 2024இல் முதன்முறையாக வழங்கப்பட்ட ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் விருதுகளில் இளையோருக்கான பிரிவின் வயது வரம்பு 45. ஆய்வுப்பணிக்குத் தாமதமாக வந்தோருக்கு அது நியாயம் செய்யக்கூடும். ஆனால் முனைவர் பட்டத்தை இன்னும் முடிக்காத ஒருவர் அவையேறிக் கேள்விக்கு விடை கூறும் மேடைக்கு அது மாற்றாகாது.

எனவே விருதுகள் அதிகமா குறைவா என்பது இரண்டாம் நிலைக் கேள்வியே. சான்றிதழும் பரிசுத்தொகையும் ஓரிரு ஆண்டுகளில் மறக்கப்படும். தம் பணியைத் தாமே சொல்லி, தமக்கு முன்பின் அறிமுகமற்ற அறிஞர்களால் வினவப்பட்ட அந்த நேரம் மறக்கப்படாது. அம்மேடையை யார் மீண்டும் கட்டுவது, கட்டும்போது கூட்டுழைப்புக்கும் அதில் எவ்வாறு இடமளிப்பது என்பவையே இன்று பல்கலைக்கழகங்களும் அறிவியல் சங்கங்களும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.