அக்ரூட் உடைப்பான்

அக்ரூட் உடைப்பான் என்பது அக்ரூட் கொட்டையின் கடின ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க உதவும் கைக்கருவி. இரும்பு, பித்தளை, மரம் எனப் பல பொருள்களில், நெம்புகோலாகவும் திருகாகவும் பல்லுக்குப் பல் இறுகும் பற்தடையாகவும் இது செய்யப்படுகிறது. ஓட்டை உடைப்பது இதன் வேலையில் எளிய பாதி. ஓடு விட்டுக்கொடுத்த கணத்தில் அழுத்தம் நின்று, பருப்பு நொறுங்காமல் வெளிவருவதுதான் கடினமான மறுபாதி. கருவியின் நெடிய வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், விசையைப் பெருக்கும் வழி மிகப் பழங்காலத்திலேயே கைவந்துவிட்டது என்பதும், பின்வந்தவர்களின் உழைப்பெல்லாம் அந்த விசையை உரிய இடத்தில் நிறுத்துவதில் சென்றது என்பதும் தெரியவரும். வீட்டுக்கு ஒரு கருவி வாங்குபவருக்கும் இதுவே உரைகல்.

கொட்டையின் அமைப்பு

வீடுகளில் உடைக்கப்படும் அக்ரூட் பெரும்பாலும் ஜக்லன்ஸ் ரேஜியா என்ற மரத்துக் கொட்டை. பாரசீக அக்ரூட் என்றும் வழங்கும் இம்மரம் நடு ஆசிய மலைச்சரிவுகளுக்கும் மேற்கு இமயத்துக்கும் உரியது. தாவரவியல் நோக்கில் இதன் காய் உள்ளோட்டுச் சதைக்கனியைப் போன்றது. முதிர்ந்ததும் பச்சைத் தோல் வெடித்து விலக, கடையில் நாம் காணும் ஓட்டுக்கொட்டை வெளிவருகிறது. அந்தத் தோலை வெறுங்கையால் உரித்தால் விரல்களில் ஏறும் கருஞ்சாயம் பல நாள் போகாது. ஓடு இரண்டு கிண்ணங்களாக அமைந்து, விளிம்பு புடைத்த பொருத்துவரியில் ஒட்டியிருக்கும். காம்பு இருந்த தட்டையான அடிப்பக்கத்தில் அந்த வரி சற்று மென்மையாகி ஒரு சிறு குழிவில் முடிகிறது. உள்ளே பருப்பு இரண்டு மடல்களாக, ஓட்டின் உட்புற மேடுபள்ளங்களில் செருகிக் கிடக்கிறது. மடல்களுக்கு நடுவே மெல்லிய தடுப்புச் சவ்வு உண்டு. உலர்ந்த கொட்டையில் பருப்புக்கும் ஓட்டுக்கும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இராது. உடைப்பவரின் சிக்கல் முழுவதும் இந்தச் சிறு இடைவெளியில்தான் அடங்கியிருக்கிறது.

ஓட்டின் உறுதிக்குத் தடிமன் மட்டும் காரணம் அன்று. 2019இல் வியன்னா ஆய்வாளர்கள் வெளியிட்ட நுண்ணோக்கி ஆய்வு, ஓட்டின் உயிரணுக்கள் பல கதுப்புகளாக வளர்ந்து, ஒன்றின் கதுப்பு அடுத்ததன் குழிவில் பொருந்தி, ஒவ்வொன்றும் சராசரியாக 14 அண்டை அணுக்களோடு பூட்டிக்கொண்டிருப்பதைக் காட்டியது. விரிசல் எளிதில் ஓடிப் பரவ இவ்வமைப்பு இடங்கொடுப்பதில்லை. அதே வேளையில் மெல்லிய உலர்ந்த ஓடு அதிகம் வளைவதும் இல்லை. தாங்கும் எல்லை வந்ததும் பட்டென்று விட்டுவிடுகிறது. வகைக்கு வகை அந்த எல்லை வேறுபடும். காஷ்மீரில் ஓட்டின் கனத்தைக் கொண்டே அக்ரூட்டை மூன்றாகப் பிரிப்பார்கள்: விரல்களால் நெரித்தே உடைக்கத்தக்க காகஸி, நடுத்தரமான புர்சுல், கல்லோ சுத்தியலோ கேட்கும் வண்டு. வட அமெரிக்கக் கறுப்பு அக்ரூட் இம்மூன்றையும் மிஞ்சியது. அதற்குப் பட்டறை வைஸ் அல்லது தனிக்கருவி வேண்டும். மேசைக் கருவிகள் அதனிடம் தோற்றுப்போகும்.

இயக்கமும் வகைப்பாடும்

உடைக்கும் முறைகளை ஐந்தாகப் பகுப்பது பொருத்தம்: அடி, நெம்புகோல், திருகு, பற்தடை, ஆப்பு. அடியில் கல்லும் சுத்தியலும் அடங்கும். நெம்புகோலில் இரண்டு கிளை. கீல் ஒரு முனையிலும் கை மறுமுனையிலும் கொட்டை நடுவிலும் இருக்கும் இரட்டைக்கோல் கருவி, பாடநூல்கள் கூறும் இரண்டாம் வகை நெம்புகோல். முதுகில் உள்ள பிடியை அசைத்து வாயைக் கடிக்கவைக்கும் மரப்பொம்மை, ஆதாரப்புள்ளி நடுவில் அமைந்த முதல் வகை. திருகு, புரியின் வழியே மெல்ல முன்னேறி அழுத்துகிறது. பற்தடைக் கருவி பின்னோக்கி நழுவாமல் பல்லுக்குப் பல் இறுகுகிறது. ஆப்பு முறையில் கத்தி முனை பொருத்துவரியைப் பிளக்கிறது.

இவற்றின் வேறுபாட்டை ஒரு கணக்கு விளக்கும். ஓர் ஓடு 300 நியூட்டனில், அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமான விசையில் உடைகிறது என்று கொள்வோம். இரட்டைக்கோல் கருவியில் கீலிலிருந்து கொட்டை 4 செ.மீ. தொலைவிலும் கை 16 செ.மீ. தொலைவிலும் இருந்தால் விசை நான்கு மடங்காகும். கை ஏழரைக் கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். ஆனால் ஓடு விட்டதும் எதிர்ப்பு மறைந்துவிட, தசை மட்டும் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. தாளிட்டிருப்பதாக எண்ணித் தோளால் மோதியவர் கதவு திறந்துகொண்டதும் உள்ளே போய் விழுவது போன்ற நிலை அது. கை 4 செ.மீ. மூடினால் தாடை 1 செ.மீ. இறங்கும். ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையில் இருப்பதோ ஓரிரு மில்லிமீட்டர். இனி, புரி இடைவெளி 2 மி.மீ. உள்ள திருகை எடுத்துக்கொண்டால், கால் சுற்று கூடுதலாகப் போய்விட்டாலும் முனை அரை மில்லிமீட்டர்தான் நகரும். இரண்டு கருவிகளும் ஓட்டை உடைக்கின்றன. பருப்பை முழுதாகத் தருவதில் திருகுக்கே மேல்நிலை.

தமிழர் இல்லங்களில் வெற்றிலைத் தட்டோடு இருந்த பாக்குவெட்டியும் கீல் முனையில் அமைந்த அதே இரண்டாம் வகை நெம்புகோல்தான். ஆயினும் பாக்கு உள்ளும் புறமும் திண்மையானது. அலகு அதனூடே சென்று மறுபக்கம் வந்தால்தான் வேலை முடியும். அக்ரூட்டில் அப்படி ஊடுருவிச் செல்வதே கேடு. ஆகவே ஒரே இயக்கமுள்ள இரு கருவிகளில் ஒன்றுக்கு நன்றாக மூடுவது சிறப்பு, மற்றொன்றுக்கு மூடாமல் நிற்பது சிறப்பு.

வரலாறு

கொட்டை உடைத்தல் மனித இனத்தைவிடப் பழையதாக இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகள் கல்லையும் மரக்கட்டையையும் சுத்தியலாக்கி, வேர்களின்மேல் வைத்துக் கொட்டைகளை உடைக்கின்றன. ஐவரி கோஸ்டின் தாய் என்னும் காட்டில் அவை பயன்படுத்தி விட்டுச்சென்ற 4,300 ஆண்டுப் பழமையான கற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இஸ்ரேலில் யோர்தான் ஆற்றங்கரையில் உள்ள கெஷர் பெனோத் யாகோவ் என்ற இடத்தில், ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவில், காட்டு வாதுமை முதலிய கொட்டைகளின் எச்சங்களோடு குழிவிழுந்த கற்களும் கிடைத்தன. அந்தக் குழிகளைக் கவனிக்க வேண்டும். தட்டையான கல்லில் உருண்டைக் கொட்டை நழுவும். அடி பக்கவாட்டில் போகும். குழி கொட்டையை ஓரிடத்தில் நிறுத்துகிறது, கொட்டை தெறித்தோடாமலும் தடுக்கிறது. உடைக்கும் கலையில் அடக்கத்துக்கான முதல் ஏற்பாடு இக்குழியே எனலாம்.

அடியின்றி உடைக்கும் கருவி கிரேக்கர்களிடம் இருந்தது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் இயந்திரவியல் வினாக்கள் தொகுப்பில், இதற்கென்று செய்த கருவியால் கொட்டைகள் அடிக்காமலேயே எளிதில் உடைவது ஏன் என்ற கேள்வி வருகிறது. இரண்டு நெம்புகோல்கள் ஒரே ஆதாரப்புள்ளியில் இணைந்ததே அக்கருவி என்றும், கொட்டை அந்த இணைப்புக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக உடையும் என்றும் விடை சொல்லப்படுகிறது. விசையைப் பற்றிய விடையாக இது குறையற்றது. உடைந்த பிறகு பருப்பு என்ன ஆயிற்று என்று மட்டும் அது கேட்கவில்லை. தென் இத்தாலியின் கிரேக்கக் குடியேற்றமான தரந்தோவில் கிடைத்த, கி.மு. 4–3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன்முலாம் பூசிய வெண்கல உடைப்பான் அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. வளையணிந்த இரு பெண்கைகள் மணிக்கட்டோடு இணைந்து, உள்ளங்கைகள் கொட்டையைப் பொத்திக்கொள்ளும்படி வார்த்தது அது. தட்டைத் தாடையைவிடக் குழிந்த உள்ளங்கை அழுத்தத்தைப் பல இடங்களுக்குப் பகிரும். எனவே இவ்வடிவம் அழகுக்காக மட்டும் அமைந்ததாகத் தோன்றவில்லை. உரோமர் திருமணங்களில் அக்ரூட் வீசும் வழக்கம் கொண்டிருந்தனர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஊர்களில் கரியாகிய அக்ரூட்டுகள் கிடைத்துள்ளன.

இடைக்கால ஐரோப்பாவில் இரும்பு இரட்டைக்கோலும், மனித, விலங்கு உருவங்களில் செதுக்கிய மர நெம்புகோலும் புழங்கின. 17ஆம் நூற்றாண்டில் மரத் திருகு வந்தது. வளையம் போன்ற கூட்டில் கொட்டையை இட்டு, பக்கவாட்டில் மரத்திருகை முடுக்கும் எளிய அமைப்பு அது. விசை இதில் புதிதன்று, வேகக் குறைவே புதிது. இந்த முன்னேற்றத்துக்குப் பின் ஜெர்மானியர்களின் பொம்மை உடைப்பான் ஒரு பின்வாங்கல் என்றே கொள்ள வேண்டும். சாக்சனி மாநிலத்தின் எர்ட்ஸ்கெபிர்க மலைநாட்டில் சுரங்கத் தொழில் நலிந்தபோது மக்கள் மரக்கடைசலுக்கு மாறினர். சைஃபென் ஊர் வில்ஹெல்ம் ஃபூய்க்ட்னர் 1870 வாக்கில் கடைந்து வண்ணமிட்ட பொம்மையே, இன்று உலகெங்கும் கிறிஸ்துமஸ் காலத்தில் நிற்கும் மீசைவைத்த பொம்மைக்கு முன்மாதிரி. எழுத்தாளர் எ.தெ.ஆ. ஹாஃப்மன் கொட்டை உடைக்கும் பொம்மையைப் பற்றி 1816இல் எழுதிய கதையும், அதன் வழிவந்து 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய சாய்க்கோவ்ஸ்கியின் பாலே நாடகமும் அதற்குப் புகழ் சேர்த்தன. அதன் சிறிய வாயில் ஹேசல் கொட்டை நுழையும். பெரிய அக்ரூட் நுழைந்தால் பெரும்பாலும் தாடைதான் முறியும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹெர்கிமரைச் சேர்ந்த ஹென்றி குவாக்கன்புஷ், 1913இல் வில் மூட்டுள்ள இரட்டைக்கோலுக்குக் காப்புரிமை பெற்றார். இதனால் அடக்கம் கூடவில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரை அடுத்த மோர்லியின் கத்பர்ட் லெஸ்லி ரைம்ஸ், கார் ஜாக்கி போலப் பல்லுக்குப் பல் இறுகும் கருவிக்கு 1947இல் காப்புரிமை பெற்றார். கிராக்கர்ஜாக் என்ற அக்கருவி 1951இன் பிரிட்டன் விழாவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கீலுக்கு அருகில் வைத்தால் உடையும் என்று கிரேக்க நூல் கண்ட விசைக்கு, ஒவ்வொரு பல்லிலும் ஒரு நிறுத்தம் வைத்ததே இதன் சாதனை.

வீட்டு முறைகள்

கருவி இல்லாத வீட்டிலும் இதே விதி செல்லும். கதவிடுக்கில் கீலோரமாக வைத்து மூடுவது விசை மிகுந்தது. நிறுத்தம் இல்லாததால் பருப்பும் கூழாகும், கதவும் கெடும். சுத்தியல் அல்லது அம்மிக்குழவியால் தட்டுவோர் கொட்டையைத் துணியில் சுற்றி, பொருத்துவரி மேல்நோக்கி இருக்க, ஒரே அடியில் முடிக்காமல் சிறுசிறு தட்டுகளாகத் தட்டினால் ஓடு வரியோரம் விரியும். இரண்டு அக்ரூட்டை ஒரே கையில் வைத்து, ஒன்றின் புடைத்த வரி மற்றதன் பக்கவாட்டில் படும்படி இறுக்கினால், மெல்லோட்டு வகைகளில் ஒன்று உடையும். தொடுமிடம் சிறிதாகையால் அழுத்தம் அங்கே குவிகிறது. ஆப்பு முறையில், அடிப்பக்கக் குழிவில் சிறிய, தடித்த கத்தியின் முனையை நுழைத்துத் திருகினால் ஓடு இரு கிண்ணங்களாகப் பிரியும். புதிதாகப் பறித்த ஈரக்கொட்டைக்கு இது சிறந்தது. உலர்ந்ததில் கத்தி வழுக்கி உள்ளங்கையைக் கிழிக்கக்கூடும் என்பதால் கொட்டையைத் தடித்த துணியால் பிடிக்க வேண்டும். உலர்ந்த கொட்டைகளைச் சில மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்தால் பருப்பு சற்று வளைந்துகொடுக்கும், பொடியாவது குறையும். சாதாரண இரட்டைக்கோலையும் அடக்கிப் பயன்படுத்தலாம்: முதல் விரிசல் கேட்டதும் கையைத் தளர்த்தி, கொட்டையைக் கால்வட்டம் திருப்பி, மறுபடி மெல்ல அழுத்த வேண்டும். உடைத்த பருப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். அது விரைவில் சிக்கு வாடை எடுக்கும் என்பதால் மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைப்பது நலம்.

தேர்வு

மேற்கண்ட வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பருப்பு முழுதாக வேண்டிய தேவை எப்போதும் இல்லை என்பது. ஈரானியர் மாதுளைச் சாற்றோடு சமைக்கும் ஃபெசென்ஜான் குழம்பில் அக்ரூட் அரைத்தே சேர்கிறது. உண்மைதான். ஆனால் நசுக்கிய கொட்டையில் ஓட்டுச் சில்லும் பருப்புத் துணுக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவற்றைப் பொறுக்கும் நேரமும், தவறிய சில்லு பல்லில் படும் வேதனையும், அரைப்பவருக்கும் உரியவையே. இரண்டாவது, திருகு மெதுவானது என்பது. உடைக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் அப்படித்தான். பிரித்தெடுக்கும் நேரத்தையும் சேர்த்து அளக்கையில் வேறுபாடு சுருங்குகிறது. கைவலு குன்றிய முதியவர்களுக்குத் திருகும் பற்தடையும் இலகுவானவை என்பதும் கணக்கில் வர வேண்டும். மூன்றாவது, காகஸி போன்ற மெல்லோட்டு வகைகளுக்குக் கருவியே மிகை என்பது. இதை மறுப்பதற்கில்லை. விசை குறைந்தால் கை பாயும் தூரமும் குறையும். அவ்வகையே வாங்குபவர் சாதாரண இரட்டைக்கோலோடு நிற்கலாம்.

மற்றவர்கள் கடையில் பார்க்க வேண்டியவை சில. வாய் 4 செ.மீ.க்கு மேல் திறக்க வேண்டும். தாடை குழிந்தோ பல்வரி கொண்டோ இருக்க வேண்டும். இரட்டைக்கோலாயின், கைப்பிடிகள் ஒன்றையொன்று தொடும்போதும் தாடைகளுக்கிடையே இடைவெளி எஞ்ச வேண்டும். முழுக்க மூடும் கருவி பருப்பைக் கடிக்கும். கீலின் ஆணி தடித்த எஃகாக இருப்பது நல்லது, ஏனெனில் மலிவு வார்ப்புகள் முறிவது அங்கேதான். திருகாயின் புரி நெருக்கமாகவும் பிடி விரல்கள் நன்றாகப் பற்றும் அகலத்திலும் இருக்க வேண்டும். மீசைப் பொம்மையை அலங்காரத்துக்கு வாங்கலாம்.

இன்றைய நிலை

இன்று அக்ரூட் விளைச்சலில் சீனா முதலிடம் வகிக்கிறது. கலிஃபோர்னியா பெரும் ஏற்றுமதியாளர். பெரும்பகுதி ஆலைகளிலேயே உடைக்கப்பட்டு, பருப்பாகப் பொட்டலங்களில் விற்பனைக்கு வருகிறது. அங்கும் முழு மடல்களுக்கு ஒரு விலையும் துண்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலையும் வைக்கப்படுகின்றன.