காணாமையும் ஓர் அறிவே

மணமண்டபமொன்றிலே நூறு பேர் ஒரே வேளையில் உரையாடுவர். அந்த ஆரவாரத்தின் நடுவே, எதிரில் நிற்பவருடைய சொல்லை மட்டும் செவி பற்றிக்கொள்கிறது, ஏனையவற்றை விட்டுவிடுகிறது. இவ்வாறு ஒன்றைக் கொண்டு பலவற்றை விடும் ஆற்றலையே கவனம் என்கிறோம். மனிதனுக்கு இயல்பாய் அமைந்த இவ்வாற்றலைக் கணினிக்குள் படைக்கப்படும் மனித உருவுக்கும் ஊட்ட முயன்ற முயற்சி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் கால உளவியல் ஆய்வின்மேல் எழுந்ததாகும்.

இவ்வரலாறு செவியிலிருந்தே தொடங்குகிறது. பிரித்தானிய அறிஞர் கொலின் செரி, ஒருவருடைய இரு காதுகளிலும் இருவேறு உரைகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் விழுவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. மற்றக் காதில் ஒலித்த ஆண்குரல் பெண்குரலாக மாறியதைக் கேட்டவர் உணர்ந்தார்; ஆயின் ஆங்கில உரை ஜெர்மன் மொழிக்கு மாறியதை அறிந்தாரல்லர். 1958இல் டொனால்ட் புரோட்பென்ற் இதற்கு விளக்கம் கூறினார். மனித மூளை ஒரு வேளையில் ஏற்கக்கூடிய செய்திக்கு எல்லையுண்டு. ஆதலால் அது வருவனவற்றை வடிகட்டியே எடுத்துக்கொள்கிறது என்றார்.

கண்ணின் செயலை ஆராய்ந்தவர் சோவியத் அறிஞர் அல்பிரெட் யார்பஸ். 1965இல் மொஸ்கோவில் வெளிவந்த அவரது நூல், ரெப்பின் தீட்டிய ஓவியமொன்றைப் பார்ப்போரின் விழி அசைவுகளைப் பதிவுசெய்து காட்டியது. ஓவியத்திலுள்ளோரின் வயதைக் கேட்டபோது விழிகள் முகங்களை நாடின. அவர்தம் செல்வ நிலையைக் கேட்டபோது ஆடைகளையும் தளபாடங்களையும் நாடின. காட்சி ஒன்றே, கருத்து மாறக் கண்ணும் மாறிற்று.

இவ்வறிவு கணினித் துறைக்குத் தேவைப்படும் காலம் பின்னர் வந்தது. 1990களில் அமெரிக்காவிலே படைப் பயிற்சிக்கெனக் கணினிப் போர்க்களங்கள் அமைக்கப்பட்டன. அங்கே ஹெலிகொப்டரைச் செலுத்தும் விமானியும் கணினி படைத்த ஒருவனே. களத்திலுள்ள வாகனங்கள் பற்றிய விபரங்களைக் கணினி அவனுக்கு வாரி வழங்கிற்று. அத்தனையையும் அவன் ஆராயப் புகுந்தால், அக்கணமே செய்யவேண்டிய செயல் தாமதமாகும். அன்றியும், எதையுமே தவறவிடாத எதிரியோடு பயிலும் வீரன், மறைந்து இயங்குவதன் பயனைக் கற்கமாட்டான். பயிற்சியிலே கற்ற பிழைக்குக் களத்திலே உயிரை விலையாகக் கொடுக்க நேரலாம்.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரண்டல் ஹில் 1999இல் இதற்கு ஒரு வழி கூறினார். வாகனங்களைத் தனித்தனியாக அன்றிக் கூட்டமாகக் கொள்ளவும், வேண்டியபோது கவனத்தைக் குவித்து அவற்றுள் ஒன்றை நுணுகி நோக்கவும் கணினி விமானிக்கு வகைசெய்தார். அதே ஆண்டில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நோர்மன் பட்லரும் சோனு சோப்ரா குல்லரும் கணினி மனிதரின் பார்வைக்கு ஒழுங்கு வகுத்தனர். செய்யும் வேலைக்காக நோக்குதல், திடீரென அசையும் பொருளால் ஈர்க்கப்படுதல், வேலையற்ற வேளையில் வெறுமனே பார்த்தல் என அவற்றைப் பகுத்தனர்.

எல்லாவற்றையும் ஏற்பதே பொறியின் சிறப்பு என எண்ணப்பட்ட காலம் ஒன்றுண்டு. மனிதனைப் போன்ற ஒன்றைப் படைக்க முனைந்தபோதோ, அவனுடைய ஆற்றல்களோடு எல்லைகளையும் சேர்த்தே படைக்க வேண்டியதாயிற்று. நெடுங்காலமாகக் குறையென்று கருதப்பட்ட அவ்வெல்லையே, பயனுள்ளதைத் தேர்ந்தெடுக்க மனிதனைப் பழக்கிய ஆசானாகும்.