கார்டிசெப்ஸ்: பெயருக்கு உரியது எது?

ஐரோப்பியக் காடுகளில் இலையுதிர் காலத்தில், பாசிக்கும் புல்லுக்கும் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் தண்டு எழும். மேலே பருத்து, கீழே மெலிந்திருக்கும். பாரிஸ் வட்டாரத் தாவரங்களை ஆராய்ந்த வையான் அதற்கு இட்ட பெயர் ‘கிளவேரியா மிலிட்டாரிஸ் குரோசியா’. அவர் இறந்தபின் 1727இல் வெளிவந்த நூலில் அது இருக்கிறது. இலத்தீனில் ‘கிளாவா’ என்றால் தண்டாயுதம், ‘மிலிட்டாரிஸ்’ போர்வீரருக்குரியது, ‘குரோசியா’ குங்குமப்பூ நிறம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் நிறத்தை விட்டுவிட்டு, முதலிரு சொற்களை வைத்துக்கொண்டார்.

வடிவம் ஒன்றையே பார்த்து வைத்த பெயர் இது. உண்மையான கிளவேரியாவின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். வித்துகள் அங்கேயே உண்டாகும். இதன் தலையிலோ சொரசொரவென்று புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உள்ளே புதைந்த ஒரு நுண்குடுவையின் வாய். வித்துகள் அதன் வழியே வெளியேறுகின்றன. அடிமண்ணைப் பதமாக விலக்கினால் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்று கிடைக்கும். அதைத் தின்றுதான் காளான் முளைத்திருக்கிறது. காட்டில் இதை அடையாளம் காண இந்த இரண்டும் போதும்.

1818இல் பூஞ்சையியலாளர் ஃபிரீஸ் எழுத்தில் இதற்குக் ‘கார்டிசெப்ஸ்’ என்ற பேரினப் பெயர் வருகிறது. ‘கார்டில்’ கிரேக்கம், பொருள் அதே தண்டாயுதம். ‘செப்ஸ்’ தலையைக் குறிக்கும் இலத்தீன் ஈறு. இரு மொழிகளை ஒட்டவைத்த சொல்தான், ஆனால் பருத்த தலையை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

பிறகு பெயர் இமயமலை ஏறியது. உத்தராகண்ட் மக்கள் ‘கீடா ஜடி’ என்று சேகரிக்கும் புழுக்காளானை 1878இல் பூஞ்சையியலாளர் சக்கார்டோ கார்டிசெப்ஸ் சினென்சிஸ் ஆக்கினார். விலையும் புகழும் அதற்கே சேர, கார்டிசெப்ஸ் என்றாலே அதுதான் என்றானது. 2007இல் மரபணு ஆய்வு அதைப் பிரித்து ‘ஓஃபியோகார்டிசெப்ஸ்’ பேரினத்தில் வைத்தது. கார்டிசெப்ஸ் பேரினத்தின் பெயர் எதைச் சார்ந்ததோ அந்த மூலமாதிரி இனம் மிலிட்டாரிஸ் என்பதால், பெயர் ஆரஞ்சுத் தண்டோடு நின்றுவிட்டது. 1950இல் பிரித்தெடுக்கப்பட்ட கார்டிசெபின் என்ற வேதிப்பொருளும் இதிலிருந்து கிடைத்ததே.

வளர்ப்புக் கூடங்களிலிருந்து இன்று சந்தைக்கு வரும் ஆரஞ்சுக் காளானும் மிலிட்டாரிஸ்தான். பொட்டலத்தில் கார்டிசெப்ஸ் என்று மட்டும் இருந்தால், அடுத்த சொல் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.